நாலாவது நட்டு

1

போன வியாழக்கிழமை காருக்குப் புது டயர் போடப் போயிருந்தேன். கடைக்காரன் முன்பக்கத்துச் சக்கரம் ஒன்றைக் கழற்றித் தரையில் படுக்கவைத்தான். நட்டு உட்காரும் குழிகள் நான்கு. மூன்று வழவழவென்று இருந்தன. நாலாவதைச் சுற்றி உலோகம் கொத்திக் குதறிக் கிடந்தது. அவன் அதை விரலால் தடவிவிட்டு, "எந்தக் கசாப்புக்காரன் செய்த வேலை இது?" என்று கேட்டான்.

"நான்தான்" என்றேன்.

அவன் வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தான். நான் பணம் கட்டிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அன்று முழுக்க வார்டில் வேலை ஓடவில்லை. மருந்து டிரேயை இரண்டு முறை எண்ணினேன்.

நம் சித்தூர் சபையின் பத்திரிகைக்கு வருஷத்துக்கு ஒரு முறை நான் எழுதுவது உங்களுக்குத் தெரியும். பனி எப்படி விழுகிறது, கிறிஸ்துமஸுக்கு இங்கே என்ன சமைக்கிறார்கள், ஊறுகாய் எங்கே கிடைக்கிறது என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். எதுவும் பொய் இல்லை. ஆனால் அந்த வருஷங்களில் எங்கள் வீட்டுக்குள் நடந்தது எதையும் எழுதியதில்லை. இப்போது சித்தூரிலும் திருப்பதியிலும் என்னைப் பற்றி ஒரு பேச்சு இருக்கிறது. லண்டனுக்குப் போனவள் புருஷன் கையை இரும்பால் அடித்து உடைத்தாள் என்று. (நான் இருப்பது லண்டன் இல்லை. வடக்கே ஒரு சின்ன மில் ஊர். ஆனால் நம் பக்கத்துக்கு இங்கிலாந்து முழுவதும் லண்டன்தான்.) உடைத்தது உண்மை. அதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று சொல்ல ஆளில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

2

அவர் பெயர் தேவராஜ். கல்யாணமாகிப் பதினாலு வருஷம் அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. திருப்பதியில் மோட்டார் சாமான் விற்கும் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். கார் வைத்திருந்தவர் இல்லை. ஆனால் எந்த வண்டிக்கு எந்த போல்ட் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். எனக்குச் சித்தூரில் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை. சனிக்கிழமை பஸ் ஏறித் திருப்பதிக்குப் போவேன். ரயிலடிக்குப் பின்னால் மாடியில் ஒரே அறை. திங்கட்கிழமை விடியற்காலை, மொட்டைத் தலையும் சந்தனமுமாகக் கூட்டம் ஏறும் அதே பஸ் நிலையத்தில் இடம் பிடித்துத் திரும்புவேன்.

நாலாவது மாதம் ஒரு சனிக்கிழமை பஸ் பாகாலாவில் நின்றுவிட்டது. இரண்டு மணி நேரம் தாமதம். கதவைத் திறந்தவர் காதோடு சேர்த்து அறைந்தார். நான் விழுந்ததில் தண்ணீர்ச் செம்பு உருண்டது. கீழ்வீட்டுக்கார அம்மா படியடியில் நின்று, "ஏமம்மா, ஏமயிந்தி?" என்று குரல் கொடுத்தாள். "ஏமீ லேதம்மா, செம்பு படிந்தி" என்று அவர் சொன்னார். ஒன்றுமில்லை, செம்பு விழுந்துவிட்டது என்று. குரலில் ஒரு பிசிறுகூட இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஏதாவது விழுந்துகொண்டே இருந்தது. என் அப்பாவிடம் சொன்னேன்; நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் சித்தூரிலிருந்து வந்து ஒரு நாள் இருந்துவிட்டு, "கொஞ்சம் பொறுத்துக்கினு போம்மா, ஆம்பள கோவம் அப்பிடித்தான்" என்று சொல்லிப் பஸ் ஏறினார். இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளுக்கு நர்ஸ் எடுக்கிறார்கள் என்று தெரிந்தபோது நான் விண்ணப்பம் போட்டதற்குக் காரணம் சம்பளம் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். முதலில் நான் வந்தேன். இரண்டு வருஷம் தனியாக இருந்தேன். என் வேலையைக் காட்டி நானே கையெழுத்துப் போட்டு அவரையும் மகள் ஷீலாவையும் வரவழைத்தேன். மகளை மட்டும் வரவழைக்க அந்தப் படிவத்தில் இடம் இருந்ததா என்று இப்போது யோசிக்கிறேன். அப்போது யோசிக்கவில்லை.

இங்கே விழுந்தது செம்பு இல்லை, நான். மாடிப்படியில் விழுந்தேன். குளியலறையில் விழுந்தேன். பனியில் சறுக்கி விழுந்தேன். எங்கள் ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டி பதிவேட்டில் மூன்று முறையும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. சொன்னது நான்.

3

காரை வாங்கியது என் சம்பளத்தில். பத்திரம் அவர் பெயரில். அவருக்கு அது கார் இல்லை, பிள்ளை. பளபளக்கும் சக்கரங்கள் வாங்கிப் போட்டார். எங்கள் தெருவில் அப்படிப்பட்ட சக்கரங்களைக் கழற்றிக்கொண்டு போகிறவர்கள் இருந்தார்கள். அதற்காகப் பூட்டு நட்டுகள் வந்தன. ஒரு சக்கரத்துக்கு நான்கு நட்டு என்றால், மூன்று சாதாரணமானவை, ஆறு பட்டை உள்ளவை. எந்த ஸ்பேனராலும் திருகலாம். நாலாவது மட்டும் உருண்டை. பிடிக்கப் பட்டை கிடையாது. முகத்தில் கோணல்மாணலாக ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்துக்குப் பொருந்துகிற சின்ன இரும்புத் துண்டுதான் அதன் சாவி. அது இல்லாமல் சக்கரம் வராது. அந்தச் சாவியை அவர் தன் சாவிக்கொத்தில் கோத்து எப்போதும் இடுப்பில் வைத்திருந்தார்.

நான் சொல்லவந்தது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். ஷீலாவுக்கு அப்போது பதிமூன்று வயது. மாடிப்படியில் உட்கார்ந்து போனில் ஒரு பையனோடு பேசிக்கொண்டிருந்தாள். வகுப்புப் பையன், ஏதோ பாடம் பற்றி. அவர் இங்கே வேலை பார்த்த மில்லிலிருந்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், போன் கம்பியைப் பிடித்து இழுத்தார். சுவரிலிருந்து அது பிய்ந்து வந்தது. அவள் இங்கிலீஷில் ஏதோ கத்தினாள். அவளுக்கு அதற்குள் தமிழ் வீட்டுக்குள் புழங்கும் பத்து வார்த்தையாகச் சுருங்கியிருந்தது. கோபத்துக்கு அதில் வார்த்தை இல்லை. அவர் அவளைத் தள்ளினார். ஆறு படி. கணுக்கால் மடங்கிய விதத்தை நான் மேலே இருந்து பார்த்தேன்.

அதுவரை என்னைத்தான். அவளைத் தொட்டதில்லை.

"நான் இவள கூட்டிகினு ஆஸ்பத்திரிக்குப் போறேன். அப்புறம் இந்த வூட்டுக்கு வரமாட்டோம்" என்றேன்.

அவர் சமையலறைக்குப் போய்க் காய் நறுக்கும் கத்தியை எடுத்தார். என்னைத்தான் குத்தப்போகிறார் என்று நினைத்து ஷீலாமேல் கவிழ்ந்துகொண்டேன். அவர் எங்களைத் தாண்டி வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காரின் முன் சக்கரத்தருகே குந்தி டயரின் பக்கவாட்டில் கத்தியை இறக்கினார். இரண்டு முறை, மூன்று முறை. கோழியை அறுக்கிறவர்போல நிதானமாக. காரின் ஒரு தோள் சரிந்தது. உள்ளே வந்து கத்தியைக் கழுவித் தொட்டியில் போட்டார்.

"போ. இப்ப போ" என்றார். பிறகு சோறு போட்டுத் தின்றார்.

4

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அவருக்கு ஓவர்டைம் ஷிப்ட். இரண்டு மணிக்குத்தான் திரும்புவார். சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு போனார். வீட்டுச் சாவி எனக்கும் உண்டு. காரை ஓட்டும் சாவியும் ஒன்று என்னிடம் இருந்தது. மாற்றுச் சக்கரம் டிக்கியில் இருந்தது. இல்லாதது அந்த விரல் அளவு இரும்புத் துண்டு ஒன்றுதான்.

நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நடந்து போயிருக்கக் கூடாதா? பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கக் கூடாதா? இதைப் போலீசும் கேட்டது, வக்கீலும் கேட்டார். ஷீலாவால் ஊன்ற முடியவில்லை. எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் இல்லை. ஆனால் அதெல்லாம் பாதிக் காரணம். பக்கத்து வீட்டில் போன் இருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் அது எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் போகும். அங்கே எலும்பு வார்டில் நான் சிஸ்டர். மூன்று முறை விழுந்தேன் என்று சொன்னவள் நாலாவது முறை மகளும் விழுந்தாள் என்று எந்த முகத்தோடு சொல்வது? நாற்பது மைல் தள்ளி இன்னொரு ஊரில் வேலூர்க்காரி மேரியக்கா நர்ஸாக இருந்தார். அங்கே போய்விட்டால் யாருக்கும் தெரியாமல் மாவுக்கட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஓடிப்போகும்போதும் மானத்தோடு ஓட ஆசை.

ஏழு மணிக்குத் தெருக்கோடியில் இருந்த பெட்ரோல் பங்குக்குப் போனேன். அங்கே ரிப்பேர் பார்க்கிற ஆள் நல்லவன்தான். "பூட்டு நட்டா? எடுத்துவிடலாம். வண்டிப் பத்திரத்தைக் கொண்டு வாருங்கள்" என்றான். கொண்டுபோனேன். பெயரைப் பார்த்தான்.

"இது உங்கள் கணவர் பெயர். அவரை வரச் சொல்லுங்கள். அல்லது அவர் கையெழுத்தோடு ஒரு சீட்டு."

"பணம் கட்டியது நான்."

"இருக்கலாம் மேடம். நாளைக்கு யாராவது வந்து என் சக்கரத்தைத் திருடிவிட்டாய் என்றால் நான் என்ன செய்வது?"

அவன் சொன்னதில் தவறில்லை. திரும்பி வந்தேன்.

5

இங்கே நான் ரங்கம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவளை உங்களில் யாருக்கும் தெரியாது. விஜயபுரம் பக்கத்தில் வேர்க்கடலை போடுகிற குடும்பம். என் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் சித்தூரில் என் வார்டுக்கு வந்தாள். புருஷன் உலக்கையால் அடித்ததில் முன்கை எலும்பு உடைந்திருந்தது. பெரிய டாக்டர் உள்ளே தகடு வைத்து ஆறு திருகாணி போட்டார். ஆறு மாதத்தில் சீழ் வைத்து மறுபடி வந்தாள். தகட்டை எடுக்க வேண்டும். ஐந்து திருகாணி வந்துவிட்டன. ஆறாவதன் தலையில் இருந்த வெட்டு தேய்ந்துபோயிருந்தது. திருப்புளி வைத்தால் வழுக்கிக்கொண்டு சுற்றியது.

டாக்டர் ஆளனுப்பி ஒர்க்‌ஷாப்பிலிருந்து எஃகுக் குழாய்த் துண்டு ஒன்று கொண்டுவரச் சொன்னார். அதன் வாய் திருகாணித் தலையைவிடக் கொஞ்சம் சின்னது. அதுதான் விஷயம். கொதிக்க வைத்து எடுத்து, திருகாணித் தலைமேல் வைத்துச் சுத்தியலால் அடித்தார். கையை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தது நான். ஒவ்வொரு அடியும் எலும்பு வழியாக என் உள்ளங்கைக்கு வந்தது. குழாய் தலையைக் கவ்விக்கொண்டது. பிறகு அவர் வெடுக்கென்று திருகவில்லை. கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே, மறுபடி முன்னே. முனகிக்கொண்டு வந்தது அது.

புண் ஆறியபிறகு ஒரு நாள் நான் அவளைக் கேட்டேன்.

"ஏன் ரங்கம்மா, உங்கம்மா வூட்டுக்குப் போயிட வேண்டியதுதான?"

"எங்க போறது சிஸ்டர்? எங்கூர்ல பஸ்ஸு நிக்கறது ஒரே எடம். அங்க டீக்கடையில உக்காந்துகினு கீறான். நான் ஏர்னா அவனும் ஏர்றான்."

"நீ கொஞ்சம் வாய கொறச்சுக்கோ. அவன் துன்ற நேரத்துல எதுவும் பேசாத. சரியாப் பூடும்."

இருபத்திரண்டு வயதில் நான் சொன்ன புத்தி அது. அவளைப் பஸ்ஸில் ஏற்றியதும் நான்தான். கண்டக்டரிடம் சொல்லி முன்சீட்டு வாங்கிக் கொடுத்தேன். பின்னால் இரண்டு வரிசை தள்ளி அவன் உட்கார்ந்திருந்தான். எட்டு மாதம் கழித்து அவளை ஒரு கிணற்றிலிருந்து பிணமாக எடுத்தார்கள். முன்கைத் தழும்பை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது என்று கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் வேலை செய்த தோழி சொன்னாள். என் கல்யாணப் பத்திரிகை அப்போது அச்சில் இருந்தது.

6

வெளியே ஷெட்டில் அவருடைய கருவிப் பெட்டி. அதில் நட்டின்மேல் கிண்ணம்போல மாட்டுகிற சாக்கெட்டுகள் வரிசையாக இருந்தன. பூட்டு நட்டின்மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். தளர்வாக இருந்தவற்றை ஒதுக்கினேன். ஒன்று மயிரிழையில் உள்ளே போக மறுத்தது. அதுதான் வேண்டும். பெரிய சுத்தியலை எடுத்தேன்.

முதல் அடி சறுக்கிச் சக்கரத்தில் பட்டது. இரண்டாவது என் கட்டைவிரலில். மூன்றாவதுதான் சாக்கெட்டின் தலையில் விழுந்தது. தெரு முழுக்கச் சர்ச் மணிபோலக் கேட்டது. ஷீலா முன்வாசல் படியில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "மம்மி, எல்லோரும் பார்க்கிறார்கள்" என்று இங்கிலீஷில் சொன்னாள். பார்க்கட்டும் என்றேன். அதை நான் தமிழில் சொன்னேனா இங்கிலீஷில் சொன்னேனா என்று நினைவில்லை.

சாக்கெட் கவ்வியது. கைப்பிடியைப் பொருத்தி இழுத்தேன். அசையவில்லை. நீளம் போதவில்லை. வேக்குவம் கிளீனர் குழாயைக் கொண்டுவந்து கைப்பிடியில் சொருகி இழுத்தேன். அது வாழைத்தண்டுபோல மடிந்தது. நான் சேற்றில் உட்கார்ந்தேன். முழங்கை கிழிந்தது. எழுந்து தோட்டத்துக்குப் போய்த் துணி உலர்த்தும் கம்பத்தை மண்ணிலிருந்து ஆட்டிப் பிடுங்கினேன். தண்ணீர்க் குழாய் இரும்பு. கைப்பிடியில் அதைச் சொருகிப் பாரம் முழுவதையும் போட்டேன். சாக்கெட் நட்டைவிட்டு வெடித்துக் கழன்று என் முழங்காலில் அடித்தது.

அப்போது எனக்குள் ஏதோ கழன்றுவிட்டது. மறுபடி சாக்கெட்டை வைத்து அடிக்க ஆரம்பித்தேன். நட்டில் உட்கார வைப்பதற்கு நாலு அடி போதும். நான் இருபது அடித்திருப்பேன். திருப்பதி மாடி அறைக்கு ஒன்று. பாகாலா பஸ்ஸுக்கு ஒன்று. நைனாவுக்கு ஒன்று. முன்சீட்டு வாங்கிக் கொடுத்த எனக்கும் ஒன்று. சக்கரத்தின் பளபளப்பு செதில் செதிலாகத் தெறித்தது. நான் நட்டை அடிக்கவில்லை என்பது எனக்கே தெரிந்திருந்தது.

"மம்மி, நீ சிரிக்கிறாய்" என்று ஷீலா சொன்னாள். அவள் குரலில் பயம் இருந்தது. முந்தின நாள் அவரைப் பார்த்துக் கத்தியபோதுகூட அது இல்லை.

நிறுத்தினேன். மூச்சு வாங்கியது. குழாயைச் சொருகி, இந்த முறை வெடுக்கென்று இழுக்காமல், ரங்கம்மா கைக்குச் செய்ததுபோலக் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே. மூன்றாம் முறை நட்டு முனகியது. ஒரு கால் சுற்று வந்தது. பிறகு சுலபமாக வந்தது. மற்ற மூன்றையும் தளர்த்தி, ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மாற்றினேன். கிழிந்த டயர்ச் சக்கரத்தை டிக்கியில் போட்டேன். ஷீலாவைப் பின்சீட்டில் படுக்க வைத்துக் காலுக்குத் தலையணை கொடுத்தேன். மணி பத்தரை.

7

மில்லில் மிஷின் நின்றுபோனதால் அவரை முன்னதாக அனுப்பிவிட்டார்கள். நான் நட்டுகளைக் கடைசியாக ஒரு முறை இறுக்கிக்கொண்டிருந்தபோது கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

"இன்னாடி பண்ணிக்கினு கீற?"

"டயர் மாத்தறேன்."

அவர் இடுப்பிலிருந்து கொத்தை எடுத்து ஆட்டிக் காட்டினார். "சாவி எங்கிட்ட கீது."

பிறகு தரையைப் பார்த்தார். சாக்கெட்டுக்குள் சிக்கியபடி அந்த உருண்டை நட்டு கிடந்தது. குனிந்து எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். மோட்டார் சாமான் கடையில் எட்டு வருஷம் இருந்தவருக்கு அது நம்ப முடியாத காட்சியாக இருந்திருக்க வேண்டும்.

"இத்த எப்பிடி எட்த்த?"

"அடிச்சு எட்த்தேன்."

அவர் நட்டை என் முகத்தை நோக்கி எறிந்தார். அது காதைத் தாண்டிக் கதவுக் கண்ணாடியில் பட்டது. என்மேல் வருவார் என்று எதிர்பார்த்தேன். அதற்கு நான் பழகியிருந்தேன். அவர் வரவில்லை. பின்கதவைத் திறந்து, ஷீலாவின் வீங்கிய காலைப் பிடித்து இழுத்தார். "எறங்குடி."

அவள் போட்ட அலறலை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

அந்த இரும்புக் குழாய் என் கையில் இருந்தது. ஓங்கி அடித்தேன். அவளைப் பிடித்திருந்த வலது முன்கையில், மணிக்கட்டுக்கு ஒரு சாண் மேலே. இரண்டு எலும்பும் உடைந்தன. படம் எடுத்துப் பார்த்து இதைச் சொல்லவில்லை. பதினெட்டு வருஷமாக எலும்பு வார்டில் இருக்கிறவளுக்குச் சத்தமே போதும்.

அவர் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். கை நடுவில் வளைந்து தொங்கியது. "அம்மா, அம்மா" என்று அழுதார். நான் குழாயைக் கீழே போட்டேன்.

"கைய ஆட்டாத" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. "அசையாத. உள்ள கிழிஞ்சிடும்."

ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாள் வாசலில் கிடந்தது. மடித்துக் கைக்கு அடியில் கொடுத்தேன். ஷீலாவின் பள்ளிக்கூட டையால் கட்டினேன். கட்டு நன்றாக வந்தது. முன்கதவைத் திறந்து "ஏறு" என்றேன். ஏறினார். மேரியக்கா ஊருக்குப் போகும் பெரிய சாலையில் நான் திரும்பவில்லை. நேரே எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். ஐந்து நிமிஷ ஓட்டம். பின்சீட்டில் ஒருத்தி, முன்சீட்டில் ஒருவர், இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தார்கள்.

கேஷுவாலிட்டியில் அன்று ஓர் ஐரிஷ் சிஸ்டர். என்னைத் தெரியும். பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பழக்கத்தில், "விழுந்தார்களா?" என்று கேட்டாள்.

"யாரும் விழவில்லை. இவள் காலை இவர் உடைத்தார். இவர் கையை நான் உடைத்தேன். அப்படியே எழுது."

அவள் பேனா மூடியைக் கழற்றினாள். பிறகு எழுதினாள்.

8

அதற்குப் பிறகு காகிதங்கள். போலீஸ்காரர் இளம் வயது. மரியாதையாகத்தான் பேசினார். "நீங்கள் வேண்டுமென்றே அடித்தீர்களா?" என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி கை தவறிப் பட்டுவிட்டதா என்பதுபோலக் கேட்டது. "ஆமாம், வேண்டுமென்றுதான். ஒன்றுதான் கொடுத்தேன்" என்றேன். நம்மூர் இங்கிலீஷில் அடியைக் கொடுப்போம்; இங்கே அது பெருமையடிப்பதுபோல ஒலிக்கும். அவர் அதை வார்த்தை மாறாமல் எழுதிக்கொண்டார். பிறகு வந்த வக்கீல் அந்தத் தாளைப் படித்துவிட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

அதைவிட மோசம், பழைய பதிவேடு. பதினாலு வருஷத்தில் அவர் என்னை ஒரு முறைகூட அடித்ததில்லை என்று அரசாங்கக் காகிதம் சொன்னது. மூன்று முறையும் நானே விழுந்தேன், நானே சொல்லியிருக்கிறேன், கையெழுத்தும் என்னுடையது. என் சொல்லுக்கு எதிராக என் சொல்லே நின்றது. ஷீலாவின் கால் எக்ஸ்ரே ஒன்றுதான் எனக்குச் சாட்சி. கோர்ட்டில் சிறை கொடுக்கவில்லை. ஒரு வருஷம் எந்த வம்பும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று எச்சரித்து அனுப்பினார்கள். நர்ஸ் வேலைக்கான விசாரணை தனியாக நடந்தது. மேஜைக்கு அந்தப்பக்கம் மூன்று பேர். அதில் ஓர் அம்மாள் கேட்டார்: "அவர் குழந்தையின் காலைப் பிடிக்காமல் இருந்திருந்தால், அடித்திருக்க மாட்டீர்கள், இல்லையா?"

மாட்டேன் என்று சொல்லச் சொல்லி வக்கீல் கண்ணைக் காட்டினார். பொய் சொல்லித்தான் அந்தப் பதிவேடு அப்படி ஆனது என்று எனக்கு நினைவு வந்தது.

"தெரியாது" என்றேன்.

என் பெயரை நர்ஸுகள் பட்டியலில் விட்டுவைத்தார்கள். ஏன் என்று அந்தக் கடிதத்தில் காரணம் எழுதவில்லை.

தேவராஜ் கை கூடியதும் திருப்பதிக்குத் திரும்பிப் போனார். வலது கையை முழுக்கத் திருப்ப வராது என்று கேள்வி. நைனா ஒரே ஒரு கடிதம் எழுதினார். "சபையில் தலை நிமிர்ந்து உட்கார முடியவில்லை" என்று ஒரு வரி. பதிலுக்கு ஷீலாவின் எக்ஸ்ரே படத்தை மடிக்காமல் அட்டை வைத்து அனுப்பினேன். அது போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை.

9

நான் தைரியசாலி என்று இதைப் படித்துவிட்டு யாராவது சொல்வீர்களானால், ஷீலாவிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். அவள் ஒரு வருஷம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் இருந்தவரை மாவுக்கட்டோடு நொண்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஒரு முறை சண்டையில் சொன்னாள்: "ஒன்றுதான் அடித்தேன் என்று எல்லோரிடமும் சொல்கிறாய். நீ இரண்டாவது முறையும் ஓங்கினாய். நான் கத்தினேன். அதனால்தான் கீழே போட்டாய்."

எனக்கு அப்படி நினைவில்லை. எலும்பின் சத்தம் கேட்டதும் போட்டுவிட்டேன் என்றுதான் நினைவு. நான் போலீசில் சொன்னதும் அதுதான். ஆனால் அவள் பின்சீட்டில் மல்லாந்து கிடந்தாள். அவள் பார்வையில் நான் முழுதாகத் தெரிந்திருப்பேன். என்னை நான் பார்க்கவில்லை.

இப்போது அவள் வேறு ஊரில் கல்லூரியில் படிக்கிறாள். வாரம் ஒரு போன். போன ஈஸ்டருக்கு வந்தாள். கூடப் படிக்கும் பையனை அழைத்து வந்திருந்தாள். உயரமான, வெளுத்த பையன். வடை சுட்டேன். சமையலறை மேஜையில் உட்கார்ந்து இரண்டு பேரும் திரும்பிப் போகும் ரயில் நேரம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு வாக்குவாதமானது. அவன் குரல் உயர்ந்தது. உள்ளங்கையால் மேஜையில் ஒரு தட்டுத் தட்டினான். பெரிய தட்டு இல்லை. எண்ணெய்ச் சட்டி பக்கம் திரும்பியிருந்த என் முதுகு அதைக் கேட்டது.

ஷீலா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "மெதுவாகப் பேசு. என் அம்மா வீட்டில் இருக்கிறாள்."

அவனும் சிரித்தான். எங்கள் கதை முழுவதையும் அவள் அவனுக்குச் சொல்லியிருக்கிறாள் என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. சிரித்து முடித்ததும் ஒரு கணம் என் கைகளைப் பார்த்தான். நான் கரண்டியைப் பிடித்திருந்தேன்.

அப்படியெல்லாம் இல்லையப்பா என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவன் தட்டில் இன்னும் இரண்டு வடை வைத்தேன். "நன்றி" என்று மிகவும் தாழ்ந்த குரலில் சொன்னான். ஒரு வீட்டுக்குள் ஓர் ஆண் அந்தக் குரலில் பேசுவதைக் கேட்க நான் எவ்வளவு காலம் ஆசைப்பட்டேன் என்று கர்த்தருக்குத் தெரியும். அது மரியாதையா பயமா என்று எனக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் இருக்கட்டும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக அன்று நான் ஜெபத்தில் மன்னிப்புக் கேட்கவில்லை.